கிட்டா, பங்காரா, பயணமா? தாராவி சனிக்கிழமை வகுப்புக்குப் போட்ட ஒரு கணக்கு

ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரம். சங்கத்துச் செயலாளர் அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். "மிஸ், பிள்ளைங்க சயின்ஸ் கிளாஸுக்குன்னு ஒரு பெரியவர் 12,000 ரூபா தந்திருக்காரு. டப்பா டப்பாவா கிட்டு வருதுல்லா, அதையே வாங்கிப் போட்டுருவோமா? போட்டோவுக்கும் நல்லா இருக்கும்" என்றார். ஒரு வாரம் டைம் கொடுங்க அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு வந்தேன். டப்பாவில் வருகிற சோதனைக் கிட்டை வாங்குவதா, பழைய பொருளில் (இங்கே பங்கார் என்பார்கள்) நாமே செய்வதா, பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவதா என்று அந்த ஒரு வாரத்தில் போட்ட கணக்குதான் இது. இதே மாதிரி சின்னதாக வகுப்பு நடத்துகிற யாருக்காவது பயன்படும்.

முதலில் வகுப்பைப் பற்றி. தாராவியில் 90 அடி சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்துக்குள், சங்கத்தின் மாடி அறை. சனிக்கிழமை சாயங்காலம் 4 மணியிலிருந்து 5.30 வரை. 6 வயதிலிருந்து 10 வயது வரை 22 பிள்ளைகள். சிலர் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி, மற்றவர்கள் இங்கிலீஷ் மீடியம். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி. ஒரு பெண்ணுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும். ஒரு பையன் காதில் கருவி மாட்டியிருக்கிறான், அதிலும் இரைச்சல் வந்தால் பேச்சு பிடிபடாது. இன்னொருவன் ஓரிடத்தில் உட்கார மாட்டான். கையில் ஈரமோ பசையோ பட்டால் அலறுவான், திடீர்ச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவான். அவனுக்கு எந்தச் சான்றிதழும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போடுகிறது. எங்கள் சந்தில் பாதிப் பேருக்கு அந்தப் பட்டியலில் தன் பிள்ளை எங்கே வருகிறான் என்று கேட்டுப் பார்க்கக்கூட நேரம் இருந்ததில்லை. அதனால் சான்றிதழைப் பார்த்துப் பாடம் தயாரிக்கிற வேலை எனக்குச் சரிப்படாது. வந்திருக்கிற பிள்ளையைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் உண்டு. வகுப்பு தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் தலையைத் தூக்கி, இரண்டு கையும் சும்மா இருக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுவேன். அவ்வளவுதான். செய்து கற்பது என்று எவ்வளவு பேசினாலும், கை சும்மா இருக்கிற பிள்ளை வேடிக்கைதான் பார்க்கிறது. அந்தச் சும்மா இருக்கிற கூட்டத்தில் யார் யார் என்று பார்த்தால் ஒவ்வொரு முறையும் அதே ஆட்கள்: பார்வையில்லாத பெண், காது கேளாத பையன், ஊரிலிருந்து புதிதாக வந்து இந்தி தெரியாமல் முழிக்கிற பிள்ளை. அப்புறம், "நீ எழுது" என்று நோட்டைக் கையில் திணித்து ஓரமாக உட்கார வைக்கப்படுகிற பெண் பிள்ளைகள். இந்தக் கடைசி வகையை யாரும் ஒரு குறையாகவே கணக்கில் சேர்ப்பதில்லை.

டப்பாவுக்குள் இருப்பது

போன வருடம் நான்கு கிட்டுகள் இருந்தன. பெட்டி பளபளப்பாக இருந்தது, முப்பது சோதனைகள் என்று மேலே போட்டிருந்தது. நான்கு கிட்டுக்கு 22 பிள்ளைகள் என்றால் ஒரு டப்பாவைச் சுற்றி ஐந்தாறு பேர். பத்தாவது நிமிடத்தில் எண்ணினேன்: 13 பேர் சும்மா. முப்பது சோதனையில் பாதிக்கு மேல் ஒரு தடவைதான் செய்ய முடியும், அதற்கான பொடியோ திரவமோ தீர்ந்துபோகும். ஒரு சின்ன பல்சக்கரம் தொலைந்தது, அதோடு மூன்று சோதனைகள் போயின. உதிரிப்பாகம் கேட்டு அந்தக் கம்பெனிக்கு எழுதினேன். முழுக் கிட்டையும் மறுபடி வாங்கச் சொன்னார்கள்.

இந்த வருடம் அண்ணாச்சி சொல்கிற கணக்குப்படி ஒன்று 1,400 ரூபாய். ஆறு வாங்கினால் 8,400. அப்போதும் ஒன்றுக்கு நான்கு பேர்.

ஆனால் கிட்டை முழுசாகக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரண்டு விஷயத்தில் அது என்னைத் தோற்கடித்தது. ஒன்று, காந்தமும் லென்ஸும். பழைய ஸ்பீக்கரிலிருந்து நான் பெயர்த்தெடுத்த காந்தம் பாதி உடைந்து, ஓரமெல்லாம் கூராக இருந்தது. கிட்டில் வந்த வளையக் காந்தம் நல்ல பலத்தோடு, உருண்டையான ஓரத்தோடு இருந்தது. இரண்டாவது, படம் போட்ட அட்டைகள். காதுக் கருவி மாட்டிய பையன் என் பேச்சுக்குத் தலையாட்டிவிட்டுப் பக்கத்துப் பையனைப் பார்ப்பான். அன்றைக்கு அட்டையைப் பார்த்து, மற்றவர்களுக்கு முன்னால் அவன் செய்து முடித்துவிட்டான். நான் பேசுவதுதான் அவனுக்கு இடைஞ்சல் என்று எனக்கு அதற்கு முன்பு தோன்றவே இல்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, பிறகு தமிழ்நாடு முழுக்கப் போன செயல்வழிக் கற்றலிலும் அட்டைகள்தான் முதுகெலும்பு. அதைப் படித்திருந்தும், கையில் அட்டையோடு இந்தப் பையனைப் பார்க்கிற வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை. இப்போது எந்தச் சோதனைக்கும் நான்கு கட்டங்களில் கோட்டுப்படம் வரைந்து ஜெராக்ஸ் எடுத்துவிடுகிறேன். படம் எல்லாருக்கும் உதவுகிறது. பார்வையில்லாத பெண்ணுக்கு மட்டும் அதே கோடுகளின் மேல் ஃபெவிகாலை மெல்லிசாக ஓட்டிக் காயவைத்தால், விரலால் தடவிப் படித்துக்கொள்கிறாள்.

நேரமே இல்லாத புது ஆசிரியருக்குக் கிட் ஒரு நல்ல ஊன்றுகோல். டப்பாவைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் வகுப்பு ஓடும். வகுப்பில் எட்டுப் பேர்தான் என்றால் நான் இரண்டு கிட்டை வாங்கிக்கொண்டு இந்த ஒப்பீட்டையே விட்டிருப்பேன்.

மேசை மேல் வேடிக்கை காட்டுவதும், ப்ரொஜெக்டரில் வீடியோ போடுவதும் இன்னொரு வழி. எரிமலை பொங்கும், பிள்ளைகள் கைதட்டுவார்கள். சும்மா இருந்த பிள்ளைகள்: 21. ஒருவன் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பங்கார்

மும்பையில் பழைய பொருளுக்கு எங்கள் பிள்ளைகள் சொல்கிற வார்த்தை பங்கார். குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்கிற வழி இந்த நாட்டுக்குப் புதிதல்ல. மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யாமல் தாங்களே சோதனை செய்து கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். முப்பது வருடம் ஓடி, 2002-இல் அரசு அதை நிறுத்திவிட்டது. அதில் ஈடுபட்ட அரவிந்த் குப்தா, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இன்ஜினியர். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் இணைத்து முக்கோணம், சதுரம், கூம்பு, வீடு என்று கட்டுகிற அவருடைய உத்தி எனக்குத் தெரிந்து எல்லா மாநிலத்துக்கும் போயிருக்கிறது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வால்வ் டியூப் சதுரத்தைப் பிடித்து அழுத்தினால் சரியும், முக்கோணம் சரியாது. பார்வையில்லாத பெண் இதைக் கண்டுபிடிக்க எடுத்துக்கொண்ட நேரம் அரை நிமிடம். பார்வையுள்ள பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அவள் அழுத்திப் பார்த்தாள்.

தாராவியில் பங்காருக்குப் பஞ்சம் கிடையாது. இங்கே 13 காம்பவுண்ட் என்கிற பகுதியில் மும்பையின் பிளாஸ்டிக் வந்து குவிந்து, ரகம் பிரிந்து, துண்டாகி, திரும்பப் போகிறது. வகுப்புக்கு வருகிற ஒரு பையனின் அப்பா அங்கேதான் வேலை செய்கிறார். ஒரு நாள் அவரை வரச் சொன்னேன். "நான் என்ன மிஸ் சொல்லிக்கொடுக்க" என்று வாசலிலேயே நின்றவர், ஒரு டப் தண்ணீரைப் பார்த்ததும் உள்ளே வந்தார். தண்ணீர் பாட்டிலையும் அதன் மூடியையும் துண்டு துண்டாக வெட்டி உள்ளே போட்டு, விரலால் அமுக்கிக் காற்றுக் குமிழியை எடுத்துவிட்டார். பாட்டில் துண்டு அடியில் போய் உட்கார்ந்தது. மூடித் துண்டு மேலே வந்து நின்றது. "இப்படித்தான் பிரிப்போம். பாட்டில் ஒரு ஜாதி, மூடி ஒரு ஜாதி" என்றார். பாட்டில் செய்கிற பெட் பிளாஸ்டிக்கின் அடர்த்தி தண்ணீரை விட அதிகம், கன சென்டிமீட்டருக்கு 1.38 கிராம் அளவில் இருக்கும். மூடி செய்கிற பிளாஸ்டிக் 1 கிராமுக்குக் கீழே. இந்த எண்ணெல்லாம் 7 வயசுக்குத் தேவையில்லை. இரண்டும் பிளாஸ்டிக்தான், ஆனால் ஒன்று மூழ்குகிறது, ஒன்று மிதக்கிறது என்பது போதும். தன் அப்பா செய்கிற வேலை ஒரு பாடம் என்று தெரிந்த அன்றைக்கு அந்தப் பையனின் முகம் எப்படி இருந்தது என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் மற்ற வழிகளுக்கு அநியாயமாகிவிடும்.

அடுத்த வாரம் ஆரஞ்சு. இங்கே சந்த்ரா என்பார்கள். தோலோடு போட்டால் மிதக்கும், உரித்துப் போட்டால் மூழ்கும், ஏனென்றால் தோலில் நிறையக் காற்று இருக்கிறது. 11 ஆரஞ்சு, 11 டப், இரண்டு பேருக்கு ஒன்று. "உரிச்சா கனம் குறையும்லா மிஸ், அப்ப இன்னும் நல்லா மிதக்கணும்" என்று எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். உரித்தார்கள், போட்டார்கள். பார்வையில்லாத பெண் பழத்தைத் தண்ணீரின் நடுவில் விட்டுவிட்டு, உள்ளங்கையை டப்பின் அடியில் விரித்து வைத்துக் காத்திருந்தாள். பழம் வந்து கையில் உட்கார்ந்ததும் சிரித்தாள். இரண்டு ஜோடிகளுக்கு மட்டும் உரித்த பிறகும் மிதந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. பிளந்து பார்த்தால் நடுவில் பொந்து, அதிலும் காற்று. சுளை சுளையாகப் பிரித்துப் போட்டபோது மூழ்கியது. அன்றைக்கு நடந்ததிலேயே அதுதான் உருப்படியான பாடம்.

இங்கே மொழி பற்றி ஒரு வார்த்தை. அடர்த்தி என்ற சொல் புத்தகத்தில் வரும்போது பிள்ளைகள் முழிக்கிறார்கள். ஆனால் "அவளுக்கு முடி நல்ல அடர்த்தி" என்று வீட்டில் ஆச்சி சொல்வதைக் கேட்டிருக்கிறார்கள். அங்கிருந்து பிடித்தால் எளிதாக வருகிறது. கனம் என்பதோ ஆபத்தான சொல். ஆனையும் கனம், கல்லும் கனம், தடிமனான துணியும் கனம். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, முடிந்தவரை ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டு மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. இங்கிலீஷ் மீடியத்துப் பிள்ளை 'டென்சிட்டி' என்று ஒப்பிக்கும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்குத் தமிழ்தான் வழி.

சரி, ஈரத்தைத் தொடாத பையன்? அவன் டப் பக்கமே வரவில்லை. அவனுக்கு ஒரு நீளக் கரண்டி கொடுத்தேன். இரண்டாவது வாரம் தானாகவே கரண்டியால் பழத்தை அமுக்கிவிட்டு, எத்தனை எண்ணுவதற்குள் மேலே வருகிறது என்று சொன்னான். மூன்றாவது வாரம் எல்லாருக்கும் கரண்டி வேண்டுமாம்.

முதலில் நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். போன வருடம் பார்வையில்லாத பெண்ணுக்குத் துணையாக ஒரு கெட்டிக்காரப் பையனை உட்கார வைத்தேன். நல்ல பையன். எல்லாவற்றையும் அவனே செய்துவிட்டு, கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கை மடியில் இருந்தது. தனியாக அவளுக்கு மட்டும் வேறு சோதனை கொடுத்துப் பார்த்தேன், அது இன்னும் மோசம். எல்லாரும் கூச்சல் போட்டுச் சிரிக்கிற பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். துணை ஆள், தனிப் பாடம் என்ற இரண்டு வழிகளையும் விட்டுவிட்டு, சோதனையையே எல்லாருக்கும் ஆகிற மாதிரி மாற்றுவது என்று முடிவு செய்தது அப்போதுதான். கிட்டை விடப் பங்கார் எனக்கு ஒத்துவருவதற்கும் உண்மையான காரணம் அதுதான், விலை இல்லை. கம்பெனி செய்த பொருளை மாற்ற முடியாது, மாற்றினால் உடைந்துபோகும். நான் செய்த பொருளை அன்றைக்கு ராத்திரியே பிரித்து வேறு மாதிரி கட்டலாம்.

மின்சாரப் பாடம்தான் இதற்கு நல்ல உதாரணம். எல்லாப் புத்தகத்திலும் பல்பு எரியும். எரிகிற பல்பு அந்தப் பெண்ணுக்கு எதற்கு? கிராண்ட் ரோடு பக்கத்து லாமிங்டன் ரோட்டில் 20 ரூபாய்க்கு 3 வோல்ட்டில் கத்துகிற பஸ்ஸர் கிடைத்தது. இரண்டு பென்சில் செல், ஒரு சிவப்பு எல்.இ.டி., பக்கத்திலேயே இணையாக ஒரு பஸ்ஸர். சுற்று முழுமையானால் வெளிச்சமும் வரும், சத்தமும் வரும். காது கேளாத பையன் வெளிச்சத்தைப் பார்த்தான். அப்புறம் விரல் நுனியைப் பஸ்ஸர் மேல் வைத்து, "மிஸ், இது நடுங்குது" என்றான். சத்தம் என்பது நடுக்கம் என்று நான் சொல்ல இருந்த அடுத்த மாதப் பாடம் அங்கேயே முடிந்துவிட்டது.

ஆனால் 11 பஸ்ஸர் ஒன்றாகக் கத்தியதும், சத்தம் தாங்காத பையன் காதைப் பொத்திக்கொண்டு படி இறங்கிவிட்டான். ஒருவருக்குக் கதவு திறந்தால் இன்னொருவருக்கு மூடிக்கொள்கிறது. எல்லாரையும் சேர்த்து நடத்துவது என்று அறிக்கைகளில் எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. வழி கிடைத்தது தற்செயலாக. புதுப் பஸ்ஸரின் ஓட்டை மேல் ஒரு வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மற்றவர்கள் அதை உரித்துவிட்டார்கள். உரிக்காத ஒன்று மட்டும் கொசு மாதிரி முனகியது. அடுத்த வாரம் எல்லா ஓட்டையிலும் டேப் ஒட்டினேன். அந்தப் பெண்ணுக்கு முனகலே போதுமானதாக இருந்தது. அவன் வாசலில் நின்றபடி கேட்டான், பிறகு கதவுக்கு உள்ளே, பிறகு பாயின் ஓரத்தில்.

அன்றைக்கு எண்ணினேன்: சும்மா இருந்தது 4 பேர்.

இந்த வழிக்கும் வலி உண்டு. மூன்று நாள் சாயங்காலம் வெட்டி, தேய்த்து, சுற்றி வைக்க வேண்டும். பாட்டிலை வெட்டினால் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். இஸ்திரிப் பெட்டியை லேசாகச் சூடாக்கி, நடுவில் ஃபாயில் தாள் வைத்து ஒரு நொடி அழுத்தினால் விளிம்பு மடிந்து உருண்டுவிடும். ஒரு பையன் அதே ஃபாயிலால் செல்லின் இரண்டு முனைகளையும் நேராக இணைத்துவிட்டான். செல் சுட்டு, அவன் கீழே போட்டு, நான் பதறி, அன்றைக்கு வகுப்பு அதோடு சரி. சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் பட்டன் செல்லும், மணி மாதிரி இருக்கிற அதிசக்திக் காந்தமும் வரவே கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எல்லாவற்றையும் விட முக்கியம், தாராவியில் பங்கார் என்றால் அதில் ஆஸ்பத்திரிக் கழிவும் கலந்திருக்கும். சிரிஞ்ச் தேவை என்றால் மெடிக்கலில் புதிதாக, ஊசியில்லாமல் வாங்க வேண்டும். மூட்டையில் கிடந்ததைத் தொடக் கூடாது என்று பிள்ளைகளிடம் தனியாகவே ஒரு நாள் பேசினேன்.

அந்தச் சிரிஞ்ச் ஒரு சொத்து. 5 மில்லி ஒன்று, 20 மில்லி ஒன்று, நடுவில் மீன் தொட்டிக்காரர் விற்கிற மெல்லிய டியூப், உள்ளே தண்ணீர். பெரியதைப் பெரிய பையன் பிடிக்கட்டும், சின்னதைச் சின்னப் பெண் பிடிக்கட்டும், தள்ளுங்கள் பார்க்கலாம் என்றால் சின்னப் பெண் ஜெயிப்பாள். உள்ளே அழுத்தம் ஒன்றேதான். பரப்பு குறைந்த பக்கத்தில் அதைச் சமாளிக்கக் குறைந்த பலம் போதும். இதில் கண்ணுக்கும் வேலையில்லை, காதுக்கும் வேலையில்லை, ஈரமும் வெளியே வராது.

வெளியே போவது

வொர்லியில் நேரு அறிவியல் மையம் 1985-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. வெளியே இருக்கிற அறிவியல் பூங்கா அதற்கும் முன்னாலேயே, 1979-இல் வந்துவிட்டது. மாஹிமில் ரயில் ஏறி மகாலட்சுமியில் இறங்கினால் பக்கம்தான். போன வருடம் ஒரு சனிக்கிழமை 22 பேரோடு போனேன். தாதரில் வந்து ஏறிய கூட்டத்தில் என் உயிர் பாதி போய்விட்டது. உள்ளே தொடவும் திருகவும் நிறைய இருந்தது, பிள்ளைகள் பறந்தார்கள். ஆனால் ஒவ்வொரு பொருள் முன்னாலும் அரை நிமிடம்தான். ஒன்றைத் திருகிவிட்டு அடுத்ததற்கு ஓட்டம். கூடத்தின் எதிரொலியில் காதுக் கருவிப் பையன் கருவியையே கழற்றிப் பையில் போட்டுவிட்டான். சத்தம் தாங்காதவனோடு நான் பூங்காவில்தான் உட்கார்ந்திருந்தேன். அங்கே அவன் பிரமாதமாக இருந்தான். உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால் எனக்கே சரியாகத் தெரியாது. டிக்கெட், நுழைவுக் கட்டணம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் 3,600 ரூபாய் ஆகிறது. வருடத்துக்கு ஒரு தடவை போதும். அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆறு அம்மாக்களோடு.

இதற்கு நேர்மாறாக, வகுப்பிலிருந்து நடந்து போகிற தூரத்தில், மகாராஷ்டிரா நேச்சர் பார்க் இருக்கிறது. 37 ஏக்கர். ஒரு காலத்தில் மும்பையின் குப்பையைக் கொட்டிய இடம். தாராவியில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால் அந்த நாற்றத்தை இன்னும் சொல்வார்கள். குப்பை மேல் மண்ணைப் போட்டு மரம் வைத்து, 1994 முதல் பூங்காவாக இருக்கிறது. நாங்கள் இருக்கிற பேட்டையின் பெயரைக் கேட்டாலே மூக்கைச் சுளிக்கிற ஊரில், எங்கள் பக்கத்திலேயே ஒரு காடு. அங்கே போனால் வேலை எளிது. மரப்பட்டையைத் தடவி, இதே மரம் இன்னொன்று எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். எல்லாருக்கும் கண்ணைக் கட்டிவிடுவேன். அன்றைக்கு அந்தப் பெண்தான் எல்லாருக்கும் வழிகாட்டி. வேலமரத்துக்கும் ஆலமரத்துக்கும் வித்தியாசத்தை உள்ளங்கையால் சொல்கிறாள்.

மழையும் இந்தக் கணக்கில் வரும், அதற்குப் பைசா செலவில்லை. வெட்டிய பாட்டிலை மொட்டை மாடியில் வைத்து, அடியில் கூழாங்கல் போட்டு, சுழியம் கோடு வரைக்கும் தண்ணீர் நிரப்பி, ஒரு குச்சியில் 5 மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டு. குச்சியை உள்ளே விட்டு எத்தனை வெட்டு நனைந்தது என்று நகத்தால் எண்ணலாம். 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பதிவானது. அது எவ்வளவு என்று காட்ட, ஒரு பிள்ளையின் மூன்று வயதுத் தம்பியைச் சுவரோரம் நிற்க வைத்தேன். ஏறக்குறைய அவன் உச்சந்தலை. அன்றைக்கு இதை எட்டிப் பார்த்த ஒரு ஆச்சி, தண்ணீர் எந்தப் படி வரைக்கும் ஏறியது என்று அரை மணி நேரம் சொன்னார். நான் குறுக்கே பேசவில்லை.

நிழல் பாடத்தில் மட்டும் எங்களுக்கு அதிர்ஷ்டம் இல்லை. மும்பையில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழல் காலடியில் மறைகிற நாள் மே மாதத்தின் நடுவில் வருகிறது. அப்போது பிள்ளைகள் எல்லாரும் திருநெல்வேலியில். இரண்டாவது முறை ஜூலை கடைசியில் வரும், அப்போது வானமே தெரியாது. அதனால் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன்: உச்சி வெயிலில் குச்சி நட்டு, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, கல் வைத்துப் பார். மே மாதம் அங்கே சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடுவதால் நிழல் தெற்கே விழும். "மிஸ், கோயிலுக்கு எதிர்ப்பக்கம் விழுந்துச்சு" என்று வந்து சொன்னான் ஒருவன். அவனுக்குத் திசை அதுதான்.

அப்புறம் அந்த 12,000

ஒரு வாரம் கழித்து அண்ணாச்சியிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். இரண்டு பேருக்கு ஒன்று வீதம், உபரியோடு சேர்த்து 12 செட்: சிரிஞ்ச், பஸ்ஸர், செல், எல்.இ.டி., லென்ஸ், நல்ல வளையக் காந்தம். எல்லாம் 2,500 ரூபாய். வருடம் முழுக்கத் தீர்ந்துபோகிற ஆரஞ்சு, பலூன், ஜெராக்ஸ், மாற்று செல் 1,500. நேச்சர் பார்க்குக்கு இரண்டு காலை, பிஸ்கட், தண்ணீரோடு 1,000. நேரு மையம் ஒரு தடவை 3,600. 20 சனிக்கிழமைக்கு இன்னொரு பெரிய ஆள் வந்து போக, டீயோடு சேர்த்து நாளுக்கு 100 என்று 2,000.

இந்தக் கடைசி வரியில் அண்ணாச்சி நின்றார். "ஆளுக்கு எதுக்கு மிஸ் காசு? சாமான் வாங்கத்தானே தந்தாரு." இதற்காக நான் கொஞ்சம் சண்டையே போட்டேன். எந்தச் சாமானையும் விட, சும்மா இருக்கிற கையைக் கவனிக்க இரண்டாவது ஒரு ஜோடிக் கண் இருப்பது பெரிய வித்தியாசம். நான் சுட்டுப்போன செல்லைப் பார்த்துக்கொண்டிருந்த அன்று, படி இறங்கி ஓடியவனைப் பார்க்க ஆளில்லை. பக்கத்துத் தெருவில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிற ஒரு பெண் வருகிறேன் என்றிருக்கிறாள். மான்குர்டில், 1974-இல் தொடங்கிய ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே உருவாக்கிய அறிவியல் பாடங்களை அவளுக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறேன். சுற்றி இருப்பதைக் கவனிப்பதிலிருந்து தொடங்குகிற பாடங்கள் அவை. எனக்குப் பத்து வருடத்துக்கு முன்னால் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கூட்டிப் பார்த்தால் 10,600. மீதி 1,400-க்கு ஒரு கிட் வாங்கலாம் என்று நானே எழுதியிருந்தேன். அந்தப் பெரியவர் வந்து பார்க்கும்போது அலமாரியில் ஒரு டப்பா இருக்கட்டும், புதிதாக வருகிற கல்லூரிப் பெண்ணும் முதல் இரண்டு வாரம் அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். அண்ணாச்சி தாளை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "போட்டோவுக்கு அந்த டப்பாவை முன்னாடி வச்சிருவோம்" என்றார்.

நாளைக்கு லாமிங்டன் ரோடு போக வேண்டும். பஸ்ஸர் 12, ஸ்டிக்கரை உரிக்காமல் தரச் சொல்ல வேண்டும்.